பள்ளி திறக்கும் முன் வகுப்பறைக் காற்றைச் சரிசெய்வது எப்படி: ஒரு ஊதுபத்தி, ஒரு ஃபேன், முடிந்தால் ஒரு மீட்டர்

கொரோனாவால் மூடிக் கிடந்த தமிழ்நாட்டுப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரைக்கும் திறந்தன. இது அதற்கு முன்னால் எழுதியது. அந்த வருஷம் ஜனவரி 19இல் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் திறந்தபோதே ஏற்பாடுகள் என் தலையில் விழுந்துவிட்டன. அறிவியல் வாத்தியார் என்றால் இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று ஹெச்.எம். முடிவுகட்டிவிட்டார். அப்போது வகுப்புக்கு 25 பேர் என்ற வரம்பு இருந்தது, வாசலில் தெர்மல் ஸ்கேனர் இருந்தது, பெஞ்சுக்கு பெஞ்ச் சானிடைசர் இருந்தது. ஜன்னல் மட்டும் பாதி மூடிக் கிடந்தது. கொரோனா முக்கியமாகப் பரவுவது மூச்சுக்காற்று வழியாக. ஆகவே காசும் உழைப்பும் முதலில் காற்றுக்குப் போகட்டும், மீதி இருந்தால் மற்றதற்கு. இந்தப் பதிவு அந்த வரிசையில்தான் போகிறது.

சமூக இடைவெளி, கை கழுவுதல் பற்றியெல்லாம் பள்ளிகளுக்கு வந்த சுற்றறிக்கையிலேயே இருந்தது. திரும்ப எழுதவில்லை.

படி 1: ஜன்னலைத் திறக்க வையுங்கள்

சொல்ல எளிது. ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் கொக்கி துருப்பிடித்திருக்கும், மரச்சட்டம் ஊறி இறுகியிருக்கும், ஒரு ஜன்னலை பீரோ மறைத்திருக்கும், இன்னொன்றில் சார்ட் ஒட்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் போதாது. மெஷின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். திறந்த கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி கட்டுக்கம்பியால் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பீரியடிலேயே சத்தம் தாங்காமல் யாராவது சாத்திவிடுவார்கள். மேலே இருக்கும் வென்டிலேட்டரில் புறாவுக்காக அடைத்த அட்டையையும் எடுத்துவிட்டுக் கம்பிவலை போடுங்கள். சூடான காற்று வெளியேறும் வழி அதுதான்.

படி 2: ஊதுபத்திச் சோதனை

ஜன்னல் திறந்திருக்கிறது என்பதும் காற்று ஓடுகிறது என்பதும் வேறு வேறு. எல்லா ஜன்னலும் ஒரே சுவரில் இருக்கும் அறைகளில் அத்தனையையும் திறந்தாலும் பின்பக்கம் காற்று அசையாது. கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஃபேன் சுற்றினால் புகை கலைந்துபோய் எதுவும் புரியாது. ஊதுபத்தியைக் கொளுத்தி வாசலில், பிள்ளைகள் உட்காரும்போது மூக்கு இருக்கும் உயரத்தில் பிடியுங்கள். நின்றுகொண்டு பிடிப்பவர்கள் அதிகம். ஒன்றாம் வகுப்பு என்றால் மண்டிபோட்டுத்தான் பிடிக்க வேண்டும். புகை உள்ளே இழுக்கிறதா, வெளியே போகிறதா? கரும்பலகையில் அறையின் படம் வரைந்து அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி போடுங்கள். இப்படியே ஒவ்வொரு ஜன்னல், அறையின் நடு, நான்கு மூலை. புகை நூல்போல நேராக மேலே ஏறி, ஒரு முழ உயரத்தில் சுருண்டு அங்கேயே நின்றால் அது செத்த மூலை. எங்கள் அறைகளில் பெரும்பாலும் கரும்பலகைக்குப் பக்கத்து மூலைதான் அப்படி இருந்தது. அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது. வாத்தியார் நின்று கத்துவதும் அங்கேதான்.

காலையில் ஒரு தடவை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தடவை பாருங்கள். கடலோர ஊர்களில் மத்தியானம் கடற்காற்று எழுந்ததும் அம்புகள் அப்படியே திரும்பிவிடும். காலையில் மட்டும் பார்த்து ஃபேனை மாட்டினால் பாதி நாள் அது காற்றை எதிர்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிறகு சீலிங் ஃபேனைப் போட்டு செத்த மூலையை மறுபடி பாருங்கள். சீலிங் ஃபேன் வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதைக் கலக்கும், அவ்வளவுதான். ஆனாலும் ஜன்னல் திறந்திருந்தால் தேங்கிய காற்றை ஓட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் போட்டே வையுங்கள்.

படி 3: ஃபேன் வெளியே பார்த்து ஊத வேண்டும்

புகை இயல்பாக எந்த ஜன்னல் வழியாக வெளியேறியதோ, அங்கேதான் எக்ஸாஸ்ட் ஃபேன். வாங்க வசதியில்லாவிட்டால் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலை ஒட்டி, வெளியே பார்த்து வையுங்கள். பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்தால் முன்பெஞ்சுப் பையனின் மூச்சு பின்பெஞ்சுக்குப் போகும். புழுக்கமாக இருக்கிறது என்று யாராவது திருப்பத்தான் பார்ப்பார்கள். கம்பியால் கட்டிவிடுங்கள். ஒயரைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இழுத்துக் கட்டவும் மறக்காதீர்கள்.

எவ்வளவு பெரிய ஃபேன்? உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் சொன்ன அளவு ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று. 25 பிள்ளைகள், ஒரு ஆசிரியர் என்றால் நொடிக்கு 260 லிட்டர், மணிக்கு 936 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் பெரும்பாலும் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். ஆயிரத்துக்குமேல் இருப்பதை எடுங்கள். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரம் என்ற வழக்கமான அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 113 கன மீட்டர். அதாவது மணிக்கு எட்டு தடவை அறைக்காற்று மாறுகிறது. இந்த எட்டு அடுத்த படியில் வேண்டும்.

ஸ்ப்ளிட் ஏசி போட்ட வகுப்பறைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. உள்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். ஜெருசலேமில் ஒரு உயர்நிலைப் பள்ளி 2020 மே 17இல் திறந்தது. இரண்டே நாளில் வெயில் அலை. மூன்று நாளைக்கு மாஸ்க் வேண்டாம் என்று விலக்கு கொடுத்தார்கள், ஏசி இடைவிடாமல் ஓடியது. கடைசியில் 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று. வேர்த்தாலும் பரவாயில்லை, ஏசியை அணைத்து ஜன்னலைத் திறங்கள்.

அமெரிக்காவில் சதுர ஃபேனைச் சுற்றி ஃபில்டர் அட்டைகளை ஒட்டிச் செய்யும் கோர்சி-ரோசென்தால் பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது. நம் ஊர்க் கடைகளில் அந்தச் சதுர ஃபேனும் அந்தத் தர ஃபில்டரும் லேசில் கிடைக்காது. ஜன்னல் உள்ள அறைக்கு அதைத் தேடி அலைய வேண்டாம்.

படி 4: கார்பன் டை ஆக்சைடு மீட்டர்

இங்கேதான் எனக்கு நிறைய நேரம் போனது.

நாம் மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடும் வருகிறது, கிருமி இருந்தால் அதுவும் வருகிறது. கிருமியை அளக்க நம்மிடம் கருவி இல்லை, கார்பன் டை ஆக்சைடை அளக்க இருக்கிறது. வெளியில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவுக்கு இருக்கும். வகுப்பு நடக்கும்போது 800க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 1000 தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும்.

சிக்கல் மீட்டரில்தான். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல மீட்டர்கள் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. காற்றில் கலந்த ஆல்கஹால், சென்ட், சமையல் புகை ஆகியவற்றை உணர்ந்து ஒரு எண்ணை ஊகித்துப் போடுகின்றன. சோதிக்க எளிய வழி: கையில் சானிடைசர் தடவி மீட்டர் பக்கத்தில் கொண்டுபோங்கள். எண் மளமளவென்று ஆயிரக்கணக்கில் ஏறினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பெஞ்சுக்கு பெஞ்ச் சானிடைசர் வைத்திருக்கும் அறையில் அது என்ன காட்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் மூச்சு படாதபடி கையை நீட்டிச் செய்யுங்கள். குனிந்து பார்த்தால் உங்கள் மூச்சிலேயே நல்ல மீட்டரும் ஏறும்.

வாங்கும்போது என்.டி.ஐ.ஆர். சென்சர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் முறை அது. அரானெட்4 என்ற மீட்டர் நல்ல பொருள், விலைதான் கண்ணைக் கட்டும். பள்ளிக்கு ஒன்று போதும், அறை அறையாக எடுத்துப் போகலாம். அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தில் அமைத்த செய்முறைக் கூடம்) இருக்கும் பள்ளி என்றால் எம்ஹெச்-இசட்19 சென்சர் வாங்கிக் கொடுங்கள், பிள்ளைகளே ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் மாட்டிவிடுவார்கள். எம்க்யூ-135 சென்சர் வேண்டவே வேண்டாம். அறிவியல் கண்காட்சிக்கு எல்லோரும் அதைத்தான் மாட்டுகிறார்கள், ஆனால் மேலே சொன்ன ஊகக் கூட்டத்தில் அதுவும் ஒன்று.

இப்போது அறையின் காற்று மாற்றத்தை அளக்கலாம். பீரியட் முடிந்து பிள்ளைகள் வெளியே போனதும் ஜன்னலும் ஃபேனும் வகுப்பில் இருந்தபடியே இருக்கட்டும். மீட்டரை நடு பெஞ்சில் வைத்து எண்ணைக் குறித்துவிட்டு நீங்களும் வெளியே வந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். அது 1420 என்று வைத்துக்கொள்வோம். இதில் வெளிக்காற்றின் 420ஐக் கழித்துவிட வேண்டும். மிச்சம் 1000. இந்த மிச்சம் 37 சதவீதமாக, அதாவது 370ஆகக் குறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் கணக்கு. ஒரு தடவை காற்று மாறும் நேரம் அது. மீட்டரில் அது 790 என்று தெரியும். கழிக்காமல் 1420இல் 37 சதவீதம் என்று 525க்குக் காத்திருந்தால் நல்ல அறையும் மோசமாகத் தெரியும்.

60ஐ அந்த நிமிடத்தால் வகுங்கள். ஏழரை நிமிடம் என்றால் மணிக்கு எட்டு தடவை, நாம் தேடியது அதுதான். இருபது நிமிடம் ஆனால் மூன்று தடவைதான். இன்னொரு ஃபேன், அல்லது பாதிப் பிள்ளைகள், அல்லது வேப்பமரத்தடி. மூன்றில் எனக்குப் பிடித்தது மரத்தடி.

படி 5: ஆசிரியரின் மாஸ்க்

பிள்ளைகளை விட்டுவிட்டு முதலில் ஆசிரியரைப் பார்ப்போம். அந்த அறையிலேயே உரக்கப் பேசுபவர் அவர்தான். கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் 2021 மே மாதம் தடுப்பூசி போடாத ஒரு ஆசிரியர், மூக்கடைப்பை அலர்ஜி என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் வகுப்புக்கு வந்தார். வாசித்துக் காட்டும்போது மட்டும் மாஸ்க்கை இறக்கினார். 24 மாணவர்களில் 12 பேருக்குத் தொற்று. முன்வரிசைகளில்தான் அதிகம்.

சத்தம் கேட்கவில்லை என்றுதான் மாஸ்க் இறங்குகிறது. இடுப்பில் மாட்டும் சின்ன மைக் வாங்கிவிடுங்கள். தள்ளுவண்டிக்காரர்கள்கூட வைத்திருக்கிறார்கள். தொண்டையும் பிழைக்கும். என்95 நல்லது. கண்ணாடி போட்டவர்களுக்கு ஆவி படர்ந்தால் மூக்கு ஓரத்தில் காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம், கம்பியை அழுத்தி விடுங்கள். பிள்ளைகளுக்கு முகத்தோடு ஒட்டும் எதுவும் சரி. ஐந்து வயதும் அதற்குக் குறைவும் என்றால் மாஸ்க்குக்கு வற்புறுத்த வேண்டாம்.

படி 6: மத்தியானச் சாப்பாடு

எல்லா மாஸ்க்கும் ஒரே நேரத்தில் இறங்குவது இங்கேதான். சத்துணவை வகுப்பறைக்குள் பரிமாற வேண்டாம். வராந்தாவில் ஒரே பக்கம் பார்த்து உட்காரட்டும், இரண்டு பந்தியாக. முட்டையை உரித்துக்கொண்டே கதை பேசுவார்கள், அதை அடக்க முடியாது. இடைவெளியைக் கூட்டத்தான் முடியும். தண்ணீர் வீட்டுப் பாட்டிலில் வரட்டும்.

மிச்சம் மீதி

கைக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். தரை துடைக்க 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர். கழிப்பறை ஆசிடோடு அதைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பிள்ளைகள்மேல் எதையும் தெளிக்காதீர்கள். 2020 ஏப்ரலில் ஊர் ஊராக கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். அதே மாதமே மனிதர்மேல் தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்துவிட்டது. நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். பரிசுக்காகப் பிள்ளை காய்ச்சலோடு வந்து நிற்கும். தெர்மல் ஸ்கேனர் அதைப் பிடிக்கும் என்று நம்பாதீர்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தால் அதற்குத் தெரியாது.

பின்னர் சேர்த்தது, 2021 நவம்பர் நடுவில்

திறந்த வாரமே தீபாவளி, பின்னாலேயே மழை. கருத்துப் பெட்டியில் பாதிப்பேர் கேட்பது: சாரல் அடிக்கிறது, ஜன்னலை எப்படித் திறந்து வைப்பது? சாரல் வரும் பக்கத்தை மட்டும் சாத்துங்கள். எதிர்ப்பக்க ஜன்னல், கதவு, வென்டிலேட்டர் மூன்றும் திறந்திருக்கட்டும், எக்ஸாஸ்ட் ஓடட்டும். சன்ஷேட் சின்னதாக இருந்தால் தகரத்தையோ தார்ப்பாயையோ சாய்வாகக் கட்டலாம். கட்டியபின் ஊதுபத்தியை ஒரு தடவை காட்டிப் பாருங்கள், தார்ப்பாய் சில சமயம் காற்றையே அடைத்துவிடும்.

ஒரு ஆசிரியை கொசுவைப் பற்றிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும். நைலான் வலை அடிக்கலாம், ஆனால் காற்று குறையும், தூசி படிந்தால் இன்னும் குறையும். வாரம் ஒரு தடவை பிரஷ் போடுங்கள். வளாகத்தில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது அதைவிட முக்கியம்.

பின்னர் சேர்த்தது, பிப்ரவரி 2022

ஜனவரியில் மூடி, பிப்ரவரி 1 மறுபடி திறந்தாயிற்று. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 ஜனவரி 3 முதல் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். சின்ன வகுப்புகளுக்கு அப்போது இல்லை. ஒரே மீட்டர்தான் இருக்கிறது என்றால் முதலில் அந்த அறைகளுக்குக் கொண்டுபோங்கள்.

மீட்டரைப் பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். தாராளமாக. கைக்கு வந்ததும் மைதானத்தில் நிழலில், ஆட்கள் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் வையுங்கள். 420 பக்கத்தில் காட்டவில்லை என்றால் அங்கேயே வைத்து கேலிபரேஷன் பட்டனை அழுத்திவிட்டு, அதன்பிறகு வகுப்புக்குள் எடுத்துப் போங்கள்.