சம்பளப் பட்டியலைப் படிக்கும் முறை: புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு

தமிழ்நாட்டில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் மாதக் கடைசியில் கைப்பேசியைத் திறந்து, வங்கியில் விழுந்த தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தமிழ்நாடு அரசின் களஞ்சியம் செயலியில் சம்பளப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

முதல் வரி அடிப்படை ஊதியம். 2017-இல் வந்த ஊதியத் திருத்தத்தின்படி இடைநிலை ஆசிரியருக்கு 20,600, பட்டதாரி ஆசிரியருக்கு 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாயில் தொடங்கும். இதன்மேல் அகவிலைப்படி. 2025 ஜூலை 1 அன்று அது 58 சதவீதமானது. அந்த விகிதத்தில், புதிதாகச் சேர்ந்த பட்டதாரி ஆசிரியருக்கு 36,400-க்கு 21,112. இரண்டையும் கூட்டினால் 57,512. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5,751 ரூபாய், ஓய்வூதியப் பங்களிப்பாகப் போகும். வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்து மாறும், மருத்துவப்படி 300. பிடித்தத்தில் மருத்துவக் காப்பீடும் குடும்பப் பாதுகாப்பு நிதியும் இருக்கும். தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை வருவதால், அந்த மாதம் கையில் கொஞ்சம் குறையும். பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஆண்டு ஊதிய உயர்வு. 3 சதவீதம், நூறுக்கு முழுமையாக்கி: 36,400 அடுத்த ஆண்டு 37,500 ஆகும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 என்ற நான்கு நாட்களில் ஒன்று உங்களுடையது. எது என்று அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்று இல்லாமல் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அந்த நாள் தள்ளிப்போகும்.

நம் சம்பளத்தை உண்மையில் தீர்மானிப்பது பணியில் சேர்ந்த தேதிதான். 2017-க்கு முந்தைய ஊதிய அளவில், 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 என்றும், மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 என்றும் ஆனது. அதே வகுப்பு, அதே பாடம். ஆண்டுக்கணக்காக, பின்னால் சேர்ந்தவர்கள் 'சம வேலைக்குச் சம ஊதியம்' கேட்டுப் போராடுவது இதனால்தான். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது என்று நினைக்கிறேன்.

பதவி உயர்வு இல்லாமல் ஒரே பதவியில் பத்தாண்டு முடிந்தால் தேர்வு நிலை, இருபதாண்டு முடிந்தால் சிறப்பு நிலை என்று ஊதியம் உயரும். இது தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தால் வராது. பள்ளியிலிருந்து கருத்துரு, அதாவது அதைக் கேட்கும் கோப்பு, மேலே போக வேண்டும். அதனுடன் உங்கள் கல்விச் சான்றுகள் போலியல்ல என்று சொல்லும் உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுகளுக்குத் தேர்வுத் துறையிடமிருந்தும், பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்தும் அது வர வேண்டும். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியைக்கு ஒரே ஒரு பி.எட். உண்மைத்தன்மை வராமல் கோப்பு மாதக்கணக்கில் அலமாரியிலேயே கிடந்தது. ஆகவே தகுதிகாண் பருவத்திலேயே எல்லாச் சான்றுக்கும் விண்ணப்பிக்கும்படி அலுவலகத்தில் சொல்லுங்கள். வந்ததும் பணிப்பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். உயர்கல்வி முடித்தால் முன்பு ஊக்க ஊதிய உயர்வு உண்டு. 2020 மார்ச் 10 ஆணையோடு அது நின்றுவிட்டது. அதை நம்பி எம்.எட். சேராதீர்கள். படிக்கப் பிடித்தால் சேருங்கள்.

இத்தனை வரிகளில் "எப்படிப் பாடம் நடத்தினீர்கள்" என்பதற்கு ஒரு வரியும் இல்லை. நூறு சதவீதத் தேர்ச்சிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைக்கும். மாநில நல்லாசிரியர் விருதுடன் 10,000 ரூபாய் கிடைக்கும். மாதச் சம்பளம் மாறாது.

அதனால் திறனுக்கேற்ற ஊதியம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. உங்கள் பள்ளிக்கு அப்படியொரு திட்டம் வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில், எதை அளக்கிறார்கள்? தேர்ச்சி விழுக்காட்டை அளந்தால், எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் வாங்கிக்கொள்ளும் பள்ளி தோற்கும். பிள்ளை போன ஆண்டு எங்கே இருந்தான், இந்த ஆண்டு எங்கே வந்தான் என்று அளந்தால் அது நியாயம். இரண்டாவது, தேர்வை யார் நடத்துகிறார்கள்? நாமே நடத்தி நாமே திருத்தக் கூடாது. மூன்றாவது, அது சம்பளத்தின் மேல் கூடுதலா, சம்பளத்தைப் பிய்த்துக் கொடுப்பதா?

ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2005 முதல் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில் இப்படித்தான் செய்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் கூடிய அளவுக்கு ஊக்கத்தொகை. சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீதம். இரண்டாண்டில் கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பணம் அறிவிக்காத அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூட. ஆசிரியர் வருகை கூடவில்லை. வீட்டுப்பாடமும் பயிற்சித் தேர்வும் கூடுதல் வகுப்பும் கூடின. அதுபோன்ற திட்டம் இங்கே வந்தால் நான் ஆதரிப்பேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்து வந்தால் சங்கத்தோடு நின்று எதிர்ப்பேன்.

சரி, இந்த மாதப் பட்டியலை இன்றே பதிவிறக்கி ஒரு கோப்புறையில் போடுங்கள். மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில்தான் வரும் என்பதால், வருமான வரிக்கு மார்ச் முதல் பிப்ரவரி வரையான பட்டியல்கள் வேண்டும்.