நூறு மீட்டரிலேயே மூச்சு வாங்குகிறதா? புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் ஓட்டம் பழக ஒரு செய்முறை

ஜனவரி முதல் வாரத்தில் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு விடியற்காலையில் போனால் புது ஷூக்கள் நிறையக் கண்ணில் படும். காந்தி சிலையிலிருந்து ஒரே பாய்ச்சலாகக் கிளம்புவார்கள். பழைய கலங்கரை விளக்கம் தாண்டி கொஞ்ச தூரம் போவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். பொங்கலுக்குப் பிறகு அந்த முகங்களில் பாதியைப் பார்க்க முடியாது. கேட்டால், "எனக்கு ஸ்டாமினாவே இல்லைங்க" என்பார்கள்.

அவர்கள் ஓடிய வேகத்தில் பல வருடம் ஓடிப் பழகியவராலும் அரை மணி நேரம் ஓட முடியாது. பழகியவர் அந்த வேகத்தைத் தொடவே மாட்டார், வித்தியாசம் அவ்வளவுதான். உடம்பு கனத்து, பல வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள்கூட மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம். அதற்கு முதலில் பழக வேண்டியது மெதுவாக ஓடுவது.

ஓடுவதற்கு முன்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், அப்பா அம்மாவுக்கு இளம் வயதிலேயே இதயநோய் வந்தவர்கள், மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம் உணர்கிறவர்கள் எல்லோரும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதில் சமாதானமே கிடையாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுக்கிறவர்களுக்கு நாடித்துடிப்பு இயல்பைவிடக் குறைவாகவே காட்டும். ஸ்மார்ட் வாட்ச் எண்ணைப் பார்த்து, "இன்னும் வேகமாகப் போகலாம் போல" என்று அவர்கள் முடிவு செய்யக் கூடாது.

அடுத்து நடை. அரை மணி நேரம் விறுவிறுப்பாக, எங்கும் உட்காராமல் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஓட்டத்தை மறந்துவிட்டு வாரத்தில் ஐந்து நாள் நடை மட்டும் போதும். இரண்டு வாரமானாலும் நான்கு வாரமானாலும் சரி. அந்த அரை மணி நேரம் சாதாரணமாகத் தோன்றும் நாளில் ஓடத் தொடங்கலாம்.

இடமும் நேரமும்

புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு ஈடு கிடையாது. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை, மேடு பள்ளம் இல்லை. தெற்கே டூப்ளே சிலையிலிருந்து வடக்கு முனை வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். தெம்பு குறைந்தால் எந்த இடத்திலும் திரும்பிக்கொள்ளலாம். உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கமும் இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பத்தில் அண்ணா விளையாட்டரங்கம், தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போகும் சாலை.

மணலில் ஓடினால் கால் பலப்படும் என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பழகிய கால்களுக்கு அது சரி. புதிதாகத் தொடங்குகிறவருக்கு உலர்ந்த மணலில் குதிகால் புதைந்து புதைந்து கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் இழுபடும். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் வலிக்கும். மூன்று மாதத்துக்கு மணல் வேண்டாம்.

விடியற்காலையில் கடலோரம் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைக்கிறவர்கள் கோடையில் ஏமாந்துபோவார்கள். அந்த நேரத்தில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்குப் போகும், அல்லது அசையாமல் நிற்கும். கடல்காற்று உள்ளே வருவது நண்பகலை ஒட்டித்தான். ஆனாலும் வெயில் இல்லாததால் காலையே மேல். மே, ஜூனில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் எழுந்துவிடும். அதற்குள் பாதி ஓட்டமாவது முடிந்திருக்க வேண்டும். ஜனவரியில் ஆறரை ஆகும் என்பதால் அவசரமில்லை. மாலையில் காற்று நன்றாக வரும், ஆனால் சனி, ஞாயிறுகளில் சுற்றுலாக் கூட்டத்தில் நடக்கவே வழி இருக்காது.

விடியலுக்கு முன் தெருவுக்குள் போகிறவர்கள் நாய்களைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்குங்கள். ஓடுகிற காலைத்தான் அவை துரத்தும். முறைக்காமல், கல்லெடுக்காமல், முதுகையும் காட்டாமல் நகர்ந்துவிடலாம்.

ஷூ வாங்க மாலை நேரத்தில் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஓடுவதற்கென்றே செய்த, போட்டுப் பார்த்ததும் எங்கும் உறுத்தாத ஷூவாக இருந்தால் போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. கேன்வாஸ் ஷூ வேண்டாம்.

வேகம்: ஓடிக்கொண்டே பேச வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். எங்கள் தெரு அக்கா ஒருவர் ஐம்பதை நெருங்கும் வயதில் ஓட வந்தார். பக்கத்தில் ஓடிக்கொண்டே, "நேத்து ராத்திரி என்னக்கா டிபன்?" என்று கேட்டேன். "மாவு புளிச்சிடுச்சுப்பா, அதனால ஊத்தப்பம்..." என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. "மெதுவா வாங்க, இன்னும் மெதுவா." வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். ஒரு கட்டத்தில், "...ஊத்தப்பம் ஊத்தி, தக்காளி சட்னி அரைச்சேன், புள்ளைங்க தொடல" என்று ஒரே மூச்சில் முடித்தார். "இந்த வேகம்தான்க்கா." "இதுல நடக்கிறவங்களே நம்மள தாண்டிப் போறாங்களேப்பா!" "போகட்டும்க்கா."

சிலரை உண்மையிலேயே தாண்டிப் போவார்கள். மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்கள் அந்தச் சாலையில் ஏராளம். நம் ஓட்டம் தொடக்கத்தில் மணிக்கு ஏழு, கிலோமீட்டருக்கு எட்டு ஒன்பது நிமிடம் என்ற அளவில்தான் இருக்கும். சிலருக்கு அந்த நடையைவிடவும் மெதுவாக. தனியாக ஓடினால் வீட்டு முகவரியைப் பின்கோடு வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாதியில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம்.

ஓடும் முறையில் இரண்டு விஷயம் போதும். அடிகளைச் சின்னதாக வையுங்கள். பாதம் உடம்புக்கு நேர்க்கீழே விழ வேண்டும், முன்னால் எட்டி வைத்தால் ஒவ்வோர் அடியும் முழங்காலில் பிரேக் போடும். தரையில் தட் தட் என்று அறையும் சத்தம் கேட்டால் அடி நீளம் என்று தெரிந்துகொள்ளலாம். கையை இறுக்கி முஷ்டி கட்ட வேண்டாம். உள்ளங்கையில் ஓர் அப்பளம் இருப்பதாகவும் அது நொறுங்கக் கூடாது என்பதாகவும் வைத்துக்கொண்டால் தோளும் கழுத்தும் தானாகத் தளரும். மூக்கால் மட்டும்தான் மூச்சு விட வேண்டும் என்று கட்டாயமில்லை. மூக்கு, வாய் இரண்டும் திறந்திருக்கட்டும்.

பன்னிரண்டு வாரம்

ஓட்டத்துக்கு நடுவே நடையைச் சேர்ப்பது சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பிற்பாடு புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே ஓட்டமும் நடையும் மாறி மாறி வரும் முறைதான். 1996-ல் ஜாஷ் கிளார்க் வகுத்த 'கௌச் டு ஃபைவ் கே' (சோஃபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை) திட்டமும் அப்படியே. போனில் அந்தப் பெயரில் ஆப்கள் நிறைய உண்டு. ஆனால் அது ஒன்பது வார அட்டவணை, ஐந்தாவது வாரக் கடைசியில் நடையே இல்லாமல் இருபது நிமிட ஓட்டம் வந்துவிடும். பலர் தடுக்கி விழும் இடம் அது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அதை நீட்டிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. நான் சொல்லும் அளவு இது:

1, 2-ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. எட்டு முறை.
3, 4-ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. ஆறு முறை.
5, 6-ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. ஆறு முறை.
7, 8-ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. நான்கு முறை.
9-ஆம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. மூன்று முறை.
10-ஆம் வாரம்: 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மீண்டும் 12 நிமிடம் ஓட்டம்.
11-ஆம் வாரம்: இரண்டு நாள் பத்தாம் வாரம் போலவே, ஒரு நாள் மட்டும் 20 நிமிடம் நிற்காமல்.
12-ஆம் வாரம்: 20, 25, கடைசி நாளில் 30.

வாரத்துக்கு மூன்று நாள்தான், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் வசதி. ஓடும் முன் ஐந்து நிமிடம் நடை, முடித்த பின் ஐந்து நிமிடம் நடை. ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். காய்ச்சல், ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் இரண்டு படி கீழே இறங்கித் தொடருங்கள்.

இரண்டாவது மாதத்தில் ஓர் ஆபத்து வரும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓட ஆரம்பித்த ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்களும், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகச் சில வாரங்கள் ஆகும். எலும்பும் தசைநாண்களும் தயாராக மாதக்கணக்கில் ஆகும். அதாவது மூச்சு சீக்கிரம் வசப்படும், கால் பின்தங்கியிருக்கும். ஆறாவது வாரத்தில், "இவ்வளவு லேசாக இருக்கிறதே, இன்று நேராக ஐந்து கிலோமீட்டர் ஓடிவிடலாம்" என்று தோன்றும் நாள்தான் காயம் வரும் நாள். அன்றைக்கும் அட்டவணையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

வலி வந்தால்

விலாவில் சுருக்கென்று பிடித்தால் நடைக்கு மாறி, அந்த இடத்தை விரலால் அழுத்தி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். சாப்பிட்ட உடனே ஓடினால் இது அதிகம் வரும். ஓடிய மறுநாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் உளைச்சல் இருப்பது இயல்பு, இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

கணுக்காலுக்கு மேல் முன்னங்கால் எலும்பின் உள்பக்கம் நீளவாக்கில் வலித்தால் அளவுக்கு மீறிவிட்டோம் என்று பொருள். ஒரு வாரம் நடை மட்டும், பிறகு ஒரு படி கீழே இறங்கித் தொடங்கலாம். ஆனால் எலும்பில் ஒரே புள்ளியில், விரல் வைத்தால் துடிக்கிற மாதிரி வலி இருந்தாலோ, இரவில் படுக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் விரிசலாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சு அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது இவற்றில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புழுக்கமும் தண்ணீரும்

கடலோர ஊரில் வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் ஜனவரியின் வேகத்தை எதிர்பார்க்கவே கூடாது. வெயிலுக்கு உடம்பு பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அக்னி நட்சத்திர நாட்களில் ஓட்ட நேரத்தைக் குறைத்து நடையைக் கூட்டுங்கள். ஓடும்போது திடீரெனக் குளிர்வது போல உடம்பு சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ நிழலில் உட்கார்ந்து தலை, கழுத்து, அக்குளில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பேச்சு குழறியவரைத் தனியாக விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், வேண்டுமானால் ஒரு வாழைப்பழம். அரை மணி நேர ஓட்டத்துக்கு விளம்பரத்தில் வரும் பானங்கள் தேவையில்லை. திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ குடிக்கலாம்.

எடை குறைய வேண்டும் என்று ஓட வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி அளவில் செலவாகும். எழுபது கிலோ உள்ளவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 350 கலோரி. ஓடி முடித்த கையோடு ஹோட்டலில் நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டால் அது அங்கேயே திரும்பி வந்துவிடும். எடைக்குச் சாப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். ஓட்டம் தருவது மூச்சும் தூக்கமும், மாடி ஏறும்போது தெரியும் தெம்பும்.

எப்போது தொடங்கினால் நல்லது

ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில், காட்டுக்குள் செம்மண் பாதையில் நடக்கும். அதில் முழு மாரத்தான், அரை மாரத்தானோடு 10 கிலோமீட்டர் பிரிவும் உண்டு. பரிசுக்காக ஓடும் போட்டி அல்ல என்பதால் புதியவர்கள் பயமில்லாமல் கலந்துகொள்ளலாம். அதைக் குறி வைக்கிறவர்கள் ஜூலையில் தொடங்கினால் அக்டோபர் தொடக்கத்தில் அரை மணி நேர ஓட்டம் கைக்கு வந்திருக்கும். பிறகு நவம்பர், டிசம்பரில் புயலும் மழையும் நடுவே நாட்களைப் பறித்தாலும், வாரத்தில் ஒரு நாள் ஓட்டத்தை மட்டும் ஐந்து ஐந்து நிமிடமாக நீட்டிக்கொண்டு போனால் ஜனவரிக்குள் ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். மழை நாளில் வீட்டு மாடிப்படியில் இருபது நிமிடம் ஏறி இறங்குங்கள். தரை ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம்.