பூங்காவுக்குள் மலைச் சைக்கிள் பாதை: மாற்றத்தைப் படித்துப் பழுதுபார்க்கும் முறை

எந்த மண்பாதையும் வெட்டிய அன்று இருந்த வடிவத்தில் நிற்பதில்லை. சிங்கப்பூரில் இது வேகமாகவே தெரியும். செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா, புக்கிட் தீமா, புலாவ் உபினின் கேத்தாம் பூங்கா ஆகிய மூன்று இடங்களிலும் களிமண் கலந்த தரை மர நிழலில் எளிதில் காய்வதில்லை. ஆண்டு மழை 2,000 மி.மீ.க்கு மேல். அடுக்குமாடி வீடுகள் அருகிலேயே இருப்பதால் செஸ்ட்நட்டிலும் புக்கிட் தீமாவிலும் சக்கரங்களுக்கு ஓய்வே கிடையாது. அதனால் எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது என்று பிரித்துப் பார்க்கும் கண் முதலில் வேண்டும். மண்வெட்டி அதற்குப் பிறகுதான்.

பிரிப்பதற்கு ஒரே கேள்வி போதும்: இந்த மாற்றத்தால் தண்ணீர் பாதையிலேயே தங்குகிறதா, குறுக்கே வெளியேறாமல் பாதை நெடுக ஓடுகிறதா? இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால் தொட வேண்டாம். உறுதியாகப் பிடித்து நிற்கும் வேர், வளைவில் டயர்கள் ஒதுக்கிய மண்ணால் தானாக எழுந்த சாய்வு, தேய்ந்து வழுவழுப்பான பாறை எல்லாம் பாதைக்குக் குணம் சேர்ப்பவை. அவற்றைச் சமப்படுத்தினால் ஓட்டுபவர்களின் வேகம் கூடும். வேகம் கூடினால் பிரேக் பிடிக்கும் இடங்களில் சேதமும் கூடும்.

எப்படி மாறுகிறது

மலைச்சரிவில் வெட்டும் பாதையின் தளத்தைப் பள்ளத்துப் பக்கம் சுமார் 5 விழுக்காடு சாய்த்து வைப்பார்கள். அதாவது 1 மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. இறக்கம். மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே இறங்கிவிடும். ஆனால் டயர்கள் ஓடுவது நடுவில். அங்கே மண் அமுங்குகிறது, தளர்ந்த மண் வெளி ஓரத்துக்கு ஒதுங்குகிறது. சில மாதங்களில் அந்த ஓரத்தில் வயல் வரப்புபோல ஒரு மேடு எழுந்து நீரின் வழியை மறித்துவிடும். குறுக்கே போக வேண்டிய தண்ணீர் நெடுக ஓடத் தொடங்கும். பாதை கெடுவது பெரும்பாலும் இந்த வரப்பில்தான் ஆரம்பமாகிறது. பலர் நடுவில் விழுந்த பள்ளத்தை மட்டும் மண் கொட்டி மூடுகிறார்கள். அடுத்த கனமழை அந்த மண்ணை அப்படியே வாரிக்கொண்டு போகும்.

நீர் தேங்கினால் சேறு. சேற்றைத் தவிர்க்க ஓட்டுபவர்கள் சுற்றிப் போவார்கள். அதனால் 1 மீட்டர் பாதை 3 மீட்டராகி, செடிகள் மிதிபட்டு, புதிய ஓரமும் சேறாகும். வளைவுக்கு முன்னால் தளத்தில் அலை அலையாகத் தெரியும் மேடுகள் பிரேக் பிடிப்பதால் வருபவை. அவற்றை வெட்டித் தள்ளினாலும் திரும்ப வரும். வளைவுக்கு முன் நீண்ட நேர்ப்பாதை இருப்பதுதான் காரணம். அந்த நேர்ப்பாதையில் ஒரு சிறு ஏற்றத்தை வைத்தால் வேகம் தானே குறையும்.

அளந்து குறித்துக்கொள்வது

சிக்கல் உள்ள ஒவ்வோர் இடத்திலும் பாதையின் இரு ஓரத்திலும் ஒரு முளை அடியுங்கள். முளைகளுக்கு இடையே நூலை இறுக்கிக் கட்டி, நூலிலிருந்து தரை வரை உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் அளவெடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே முளைகளில் அளந்து, அதே இடத்தில் நின்று படமும் எடுங்கள். நடு மட்டும் இறங்கியிருந்தால் வரப்பும் அமுக்கமும் காரணம். மூன்றும் சேர்ந்து இறங்கியிருந்தால் மண்ணே அடித்துச் செல்லப்படுகிறது.

ஏற்றத்தை அளக்க 10 மீட்டர் நூலும் ஒரு நூல்மட்டமும் (நூலில் மாட்டும் சிறு நீர்மட்டம்) போதும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்ந்தால் 10 விழுக்காடு. மலைச்சரிவின் சாய்வையும் இப்படியே அளந்து ஒப்பிடுங்கள். பாதையின் ஏற்றம் சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டினால், நீர் குறுக்கே போகாமல் பாதை வழியாகவே இறங்கும். சரிவு 30 விழுக்காடு என்றால் பாதை 15-ஐத் தாண்டக்கூடாது. அதுவும் சிறு தூரத்துக்குத்தான். மொத்தச் சராசரி 10 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது. இந்த விதியை மீறி மேலிருந்து கீழாக நேரே இறங்கும் பாதையை எந்த வடிகாலும் காப்பாற்றாது. அது இருபுறத்தையும்விடத் தாழ்ந்து போயிருக்கும், நீரை வெளியேற்ற இடமே இருக்காது. அங்கே வழியையே மாற்ற வேண்டும்.

மழை பெய்யும்போது பாதையை நடந்து பார்ப்பது இத்தனை அளவுகளுக்கும் மேல். இடி மின்னல் இல்லாத மழையாக இருக்கட்டும்.

பழுது

ஓர வரப்பை மண்வெட்டியால் வெட்டி, உறுதியான மண்ணை நடுப்பள்ளத்தில் போட்டு இடித்து இறுக்குங்கள். இலைமக்கு கலந்த மண்ணைச் சரிவில் தூவி விடுங்கள். குவியலாக விட்டால் அதுவே அடுத்த வரப்பு. பிறகு அமுங்கும் என்பதால் சாய்வைச் சற்றுக் கூட்டி, 7 விழுக்காடு வரை வையுங்கள். ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். அது குறுக்கே இறங்கி வெளியேற வேண்டும்.

தட்டையான இடத்தில் நீர் தேங்கினால் வெளி ஓரத்தில் சுமார் 3 மீட்டர் அகல அரைவட்டத்தைச் சுரண்டி, அதன் நடுவை 15 விழுக்காடு வெளிப்புறம் சாய்த்துவிடுங்கள். ஏற்றமான இடத்தில் இது போதாது. அங்கே சுமார் 3 மீட்டர் நீளத்தில் ஒரு மடு, அதையடுத்துக் கீழ்ப்புறத்தில் அதே நீளத்தில் ஒரு மேடு. இப்படி 6 முதல் 15 மீட்டர் இடைவெளியில் பாதை ஏறி இறங்கினால் நீர் வேகம் பிடிக்கும் முன்பே வெளியேறும். இவ்வகை வடிகால்கள் தோற்பதற்கு முதல் காரணம் வெளிவாய் குறுகலாக இருப்பது. வண்டலும் உதிர்ந்த இலையும் ஒரே பருவத்தில் அடைத்துவிடும். இங்கே இலை ஆண்டு முழுக்க உதிர்கிறது. வாயை மடுவின் முழு அகலத்துக்கும் திறந்து வைத்து, வாரியால் அடிக்கடி இழுத்துவிட வேண்டும். மரக்கட்டையைக் குறுக்கே பதிப்பது எளிதுதான், ஆனால் மேற்புறம் மண் நிறைந்துவிடும், கீழ்ப்புறம் அரிக்கும், ஈரத்தில் கட்டை உளுத்துப்போகும். ஈரக் கட்டையில் டயரும் வழுக்கும்.

நீரை வெளியேற்றவே முடியாத சேற்றிடத்தில் மட்டும் கல் பாவுங்கள். இலைமக்கு முழுவதையும் நீக்கி உறுதியான மண் தெரியும் வரை தோண்டிய பின் பெரிய கற்களை ஓரத்திலும் இரு முனைகளிலும் ஆழமாக நடுங்கள். உள்ளே வைக்கும் கல் 15 செ.மீ. தடிமனுக்குக் குறையாமல், தட்டை முகம் மேலே பார்க்கட்டும். ஏறி நின்று ஆட்டினால் அசையக்கூடாது. சரிவில் என்றால் கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். இடைவெளியை நொறுக்குக்கல்லால் அடைத்து இடியுங்கள். சேற்றின் மேல் சரளையைக் கொட்டுவது பணத்துக்குக் கேடு. அது புதைந்துபோகும்.

வேர் வெளியே வந்துவிட்டால் வெட்டக்கூடாது. வேர்களுக்கு இடையே கல்லும் மண்ணும் நிரப்பலாம், அல்லது பாதையை மரத்தின் மேட்டுப் பக்கமாக நகர்த்தலாம்.

கைவிட்ட பழைய வழியையும் மூடியாக வேண்டும். இறுகிய மண்ணை 10 முதல் 15 செ.மீ. வரை கிளறி, குறுக்கே கட்டைகளைப் பாதி புதைத்து, கிளைகளால் நுழைவாயில் கண்ணுக்குத் தெரியாதபடி மறையுங்கள். முதல் 10 மீட்டர் மறைந்தால் பெரும்பாலோர் நுழைய மாட்டார்கள். புதிய வழி பழையதைவிட ஓட்டச் சுவையாக இல்லாவிட்டால் எந்த வேலியும் நிற்காது.

எப்போது, யார்

இவை எதையும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் செய்யக்கூடாது. அளவுகளையும் படங்களையும் அவர்களிடம் கொடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட இடத்தில் மட்டும் கை வையுங்கள். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியே சரிவுகளைச் சீரமைப்பதற்காக 2014-இல் மூடப்பட்டு, 2016-இல்தான் முழுமையாகத் திறந்தது. சரிவு வேலை அவ்வளவு பொறுப்பானது.

நவம்பர் முதல் ஜனவரி வரை தோண்ட வேண்டாம். பிப்ரவரியில் வடகிழக்குப் பருவம் வறண்டு போகும் வாரங்களே சரியான காலம். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்தினால் உருண்டையாக நின்று, நீர் கசியாமல் இருக்க வேண்டும். முடித்த பகுதியை ஓரிரு மழை கண்டு இறுகும் வரை மூடி வையுங்கள். திறந்த பின்னும் டயர்த் தடம் 2 செ.மீ.க்கு மேல் பதிந்தால் அன்று ஓட்ட வேண்டாம். முதல் கனமழை விட்டவுடன் போய் ஒவ்வொரு வடிகாலின் வாயிலும் வண்டல் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பாருங்கள். பாதி அடைத்திருந்தால் வாய் இன்னும் அகலமாகவும் தாழ்வாகவும் வேண்டும்.