வேலை நேரத்தில் பாட்டு: பலரும் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். காதில் பல வருடமாகக் கேட்டுப் பழகிய பாட்டு. முடித்துவிட்டு மேலிருந்து படித்துப் பார்த்தால், 'நிதி ஒதுக்கீடு' என்று வரவேண்டிய இடத்தில் 'நிலா ஒதுக்கீடு' என்று இருந்தது. பாட்டில் அந்த நேரத்துக்கு நிலா வந்திருக்கிறது, விரல் அதையே அடித்துவிட்டது. பாட்டை நான் கவனிக்கவே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பின்னணியில் ஏதாவது ஓடினால் வேலை நன்றாக ஓடும் என்பது பொய்யில்லை. ஆனால் எந்த வேலைக்கு எந்த ஒலி என்று பார்க்காமல் போட்டுக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அதில் முதலாவது, எழுத்து வேலையும் படிப்பு வேலையும் செய்யும்போது சொற்கள் உள்ள பாட்டைப் போடுவது.

படிக்கும்போது நாம் வாயைத் திறப்பதில்லை, ஆனாலும் உள்ளே ஒரு குரல் அந்த வரியைச் சொல்லிக்கொண்டே வருகிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வரும்வரை முதல் சொல் மனதில் நிற்பதற்கு அந்தக் குரல் பெரிதும் உதவுகிறது. பாட்டின் வரிகளும் நம்மைக் கேட்காமலே அதே இடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இமையை மூடுவதுபோலக் காதை மூட முடியாதே. 1976-இல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். திரையில் வரும் எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் காதில் யாரோ ஜெர்மன் மொழியில் எதையோ வாசித்துக்கொண்டிருப்பார். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது, காதில் விழுவதைப் பொருட்படுத்தவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அப்படியும் தவறுகள் கூடின.

ஆகவே 'புரியாத மொழிப் பாட்டு என்றால் பரவாயில்லை' என்ற சமாதானம் பாதிதான் சரி. புரியும் மொழியைவிடத் தொந்தரவு குறையலாம், ஆனால் அடியோடு போகாது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைப் புல்லாங்குழலிலோ பியானோவிலோ கேட்டால், வரியை நாமே உள்ளே பாட ஆரம்பித்துவிடுகிறோம். வாத்திய இசைதான் வேண்டும் என்றால், வரிகள் தெரியாத இசையாகப் பாருங்கள்.

'எனக்குப் பிடித்த பாட்டு, அது என்னைத் தொந்தரவு செய்யாது' என்பது அடுத்த தவறு. இதை நானும் வெகுநாள் நம்பினேன். 2011-இல் பெர்ஹாம், விஸார்ட் இருவரும் செய்த சோதனையில், பிடித்த இசை ஓடியபோதும் பிடிக்காத இசை ஓடியபோதும் வரிசையை நினைவில் வைக்கும் திறன் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. நன்றாக வந்தது இரண்டு நிலைகளில். ஒன்று அமைதி. இன்னொன்று, ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும் குரல்! கேட்கவே அலுப்பான அந்தக் குரல் ஏன் தொந்தரவு செய்யவில்லை என்றால், அதில் மாற்றமே இல்லை. காது மாற்றத்தைத்தான் துரத்துகிறது. மின்விசிறிச் சத்தத்தை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுகிறோம், அது நின்றால் உடனே நிமிர்ந்து பார்க்கிறோம் இல்லையா?

பாட்டு கேட்டால் உற்சாகம் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. அது எப்போது வேண்டும் என்பதுதான் கேள்வி. மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர் மொசார்ட்டின் இசையைக் கேட்டால் புத்தி கூடும் என்ற பேச்சு 1993-இல் வந்த ஒரு ஆய்விலிருந்து கிளம்பியது. 36 கல்லூரி மாணவர்கள், இரண்டு பியானோக்களுக்காக மொசார்ட் எழுதிய சொனாட்டா என்ற வாத்திய இசை, கேட்டது 10 நிமிடம். அதற்குப் பிறகு கொடுத்த வடிவங்கள் சார்ந்த சோதனையில் மதிப்பெண் கூடியது. அந்தப் பலன் கால்மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் செவ்வியல் இசைத் தட்டு கொடுக்க நிதி கேட்கும் அளவுக்கு விஷயம் பெரிதாகிவிட்டது. 2001-இல் வந்த ஒரு ஆய்வு, இது மொசார்ட்டின் மாயம் இல்லை, துள்ளலான இசை தரும் நல்ல மனநிலையின் பலன் என்று காட்டியது.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடுவது, மாணவர்கள் இசையைச் சோதனைக்கு முன்னால் கேட்டார்கள் என்பதை. வேலைக்கு முன் பத்து நிமிடம் பிடித்த பாட்டைக் காது நிறையக் கேட்டுவிட்டு, அப்புறம் நிறுத்திவிட்டு உட்காருங்கள். சோர்வான காலைகளில் எனக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது.

பாட்டே கூடாது என்று சொல்லவரவில்லை. கோப்புகளை அடுக்குவது, பெயர்களைப் பார்த்துப் பட்டியலில் ஏற்றுவது, படங்களை ஒரே அளவுக்கு வெட்டுவது போன்ற வேலைகளில் எதிரி சலிப்புதான். அங்கே பாட்டு தாராளமாகப் போடலாம். பிபிசி 1940-இல் தொழிற்சாலைகளுக்காகவே ஒரு இசை நிகழ்ச்சியைத் தொடங்கி 1967 வரை நடத்தியது. நாள் முழுக்க ஓடவிடவில்லை. தொடக்கத்தில் காலையில் அரைமணி, மதியத்துக்கு மேல் அரைமணி. அந்த அளவு எனக்கு இன்றும் சரியென்றே படுகிறது. எட்டு மணி நேரமும் ஓடும் பாட்டு கொஞ்ச நேரத்தில் உற்சாகம் தருவதை நிறுத்திவிடுகிறது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிறது.

சத்த அளவில் நடக்கும் தவறுதான் உண்மையில் ஆபத்தானது. பக்கத்தில் யாரோ ஃபோனில் பேசுகிறார், அதை மறைக்க நாம் ஒலியைக் கூட்டுகிறோம், அவர் போன பிறகு குறைக்க மறந்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். தினம் எட்டு மணி, ஐந்து நாள் என்றால் அந்த 40 வேலையிலேயே முடிந்துவிட்டது. பயணத்தில் கேட்பது, இரவில் கேட்பது எல்லாம் அதற்கு மேல். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு நான்கே மணி நேரம்தான். காதுக்குள்ளே இருக்கும் ஒலி உணரும் செல்கள் கெட்டுப்போனால் மறுபடி முளைப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். சாதாரண ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இயல்பாகப் பேசுவது கேட்கவில்லை என்றால், ஒலி அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். சுற்றிலும் எப்போதும் இரைச்சல் என்றால் ஒலியைக் கூட்டுவதைவிட, காதை நன்றாக மூடும் ஹெட்ஃபோனோ இரைச்சலைக் குறைக்கும் ஹெட்ஃபோனோ வாங்குவது மேல்.

'காபி கடை சத்தம் கவனத்தைக் கூட்டும்' என்றும் அடிக்கடி சொல்கிறார்கள். 2012-இல் வந்த அந்த ஆய்வு சொன்னது, 70 டெசிபல் அளவுள்ள சூழல் இரைச்சலில் புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன, 85-இல் அந்தப் பலன் இல்லை என்பதைத்தான். அதை நம்பிக் கணக்கு சரிபார்க்கும்போது கடைச் சத்தத்தைப் போட்டுக்கொள்வது வேறு விஷயம். தலைப்பு யோசிக்க வேண்டுமா, போட்டுப் பாருங்கள்.

சரி, அந்த ஃபோன் பேச்சை என்னதான் செய்வது? அதை மூழ்கடிக்க வேண்டியதில்லை, சொற்கள் பிரிந்து கேட்காமல் போனால் போதும். வைட் நாய்ஸ், பிரவுன் நாய்ஸ் எல்லாம் இதற்குத்தான் உதவுகின்றன. வைட் நாய்ஸில் எல்லா அலைவரிசைகளுக்கும் சமமான ஆற்றல், அதனால் 'உஸ்ஸ்' என்று கூர்மையாக இருக்கும். பிரவுன் நாய்ஸில் உயர்ந்த ஒலிகள் வேகமாகக் குறைந்துவிடும், தூரத்து அருவிபோலக் கேட்கும். பெயரில் உள்ள பிரவுன் நிறம் இல்லை, ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர். ஒலியை மெல்ல மெல்ல ஏற்றி, பேச்சு வெறும் முணுமுணுப்பாக மாறும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மழைச் சத்தம் போடுவதானால் இடி இல்லாத மழையாகப் பாருங்கள். ஒரு நிமிடத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பதிவுகளும் வேண்டாம், அந்த ஒட்டு எங்கே வருகிறது என்று காது கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அதற்காகவே காத்திருக்கும்.

வலது காதுக்கு ஒரு அதிர்வெண், இடது காதுக்கு இன்னொன்று கொடுத்து மூளையை மாற்றுவதாகச் சொல்லும் பைனாரல் பீட்ஸுக்கு நான் காசு கொடுக்கமாட்டேன். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு ஒலியும் காற்றிலேயே கலந்துவிடுவதால் அது பைனாரலே இல்லை.

நண்பருக்குப் பலித்ததை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறுதான். 2007-இல் வந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், வைட் நாய்ஸ், ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாடு உள்ள குழந்தைகளின் நினைவுத்திறனைக் கூட்டியது. மற்றக் குழந்தைகளுக்கு அதே இரைச்சல் குறைத்தது. ஆகவே நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தைப் பாட்டோடு படித்து, மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதுங்கள். அதே கடினமுள்ள இன்னொரு பக்கத்தை அமைதியில் படித்துவிட்டு எழுதுங்கள். 'நன்றாகத்தான் போகிறது' என்ற உணர்வை நம்பவேண்டாம், தாளில் எழுதியிருப்பதை நம்புங்கள்.

பிளேலிஸ்ட் தேடுவதிலேயே அரைமணி போய்விடுகிறது என்பவர்கள், முந்தின நாளே ஒன்றைத் தேர்ந்து வைத்துவிடுவது நல்லது. தானாக அடுத்த பாட்டைக் கொண்டுவரும் வசதியை அணைத்துவிடுங்கள். புதுப்பாட்டு வந்தால் யார் பாடியது என்று பார்க்கத் தோன்றும்.

கடைசித் தவறு, அமைதியை முயன்றே பார்க்காமல் இருப்பது. பழகாதவர்களுக்கு முதல் பத்து நிமிடம் உறுத்தும், கை தானாகப் பிளே பொத்தானைத் தேடும். வெறும் ஹெட்ஃபோனை எதுவும் ஓடாமல் மாட்டிக்கொள்வது அந்த நேரத்தில் உதவும். இப்போது எதை எழுதி முடித்தாலும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, உதடு அசைய ஒருமுறை முழுசாகப் படித்துவிடுகிறேன். விடுபட்ட சொல்லும் இடறும் வாக்கியமும் கண்ணைவிடக் காதுக்குத்தான் முதலில் தெரிகின்றன.