ஆடிஷனுக்கு முந்தைய கோடை: டபுள் பேஸ் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

பதினோராம் வகுப்பை ஜூன் மாதத்தில் முடிக்கும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இசைக் கல்லூரி ஆடிஷன் வெகு தொலைவில் இருப்பதாகவே தோன்றும், ஏனெனில் நேரடித் தேர்வுகள் பெரும்பாலும் அடுத்த ஆண்டு ஜனவரிக்கும் மார்ச் தொடக்கத்திற்கும் இடையில்தான் நடைபெறுகின்றன. ஆனால் பல கல்லூரிகளில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 1 ஆகும். முன்தேர்வுக்கு ஒளிப்பதிவு கேட்கும் கல்லூரிகளுக்குப் பதிவும் பெரும்பாலும் அந்த நாளுக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும். பள்ளி தொடங்கிவிட்டால் பாடச்சுமை, கல்லூரிக் கட்டுரைகள், இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகை என்று பொழுது துண்டு துண்டாகிவிடும். இடையறாமல் சாதகம் செய்யக் கிடைப்பது ஏறத்தாழப் பத்து வாரக் கோடை விடுமுறை மட்டுமே. அந்தப் பத்து வாரத்தில் புதிய உருப்படிகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட, சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சுருதியும் நாதமும் கையில் நிலைக்கும் வரை உழைப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியை அந்த எண்ணத்திலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை, கருவியை வீட்டிற்குக் கொண்டுவருவது. வயலின் மாணவர்களைப் போலன்றி, டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய, மிகத் தாழ்ந்த ஒலியுடைய தந்தி வாத்தியம்; சுருக்கமாகப் பேஸ்) மாணவர்களில் பலர் பள்ளிக்குச் சொந்தமான கருவியைத்தான் வாசிக்கிறார்கள், விடுமுறையில் அது பூட்டிய அறைக்குள் நின்றுவிடுகிறது. என்னிடம் பயின்ற ஒரு மாணவர் ஜூலையில்தான் இதை உணர்ந்தார். சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லாததால் மூன்று வாரம் வீணாயிற்று. ஆகவே மே மாத நடுவிலேயே ஆர்க்கெஸ்ட்ரா ஆசிரியரைச் சந்தித்து, கோடைக்குக் கருவியை எடுத்துச் செல்வதற்கான படிவத்தில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கருவி சேதமடைந்தால் செலவை யார் ஏற்பது என்பதையும் அப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பள்ளி இசையவில்லை என்றால் மாத வாடகைக்குப் பேஸ் தரும் தந்தி வாத்தியக் கடைகளை நாடலாம்.

கோடை வெயில் மரத்தைப் பாதிக்கும். பேஸின் மேற்பலகையும் பக்கப்பலகையும் தோற்பசையால் ஒட்டப்பட்டவை. மரம் விரியும்போதும் சுருங்கும்போதும் பலகை பிளக்காமல் ஒட்டு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பசையைப் பயன்படுத்துகிறார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை ஒரு மணி நேரம் விட்டால்கூட அந்த ஒட்டு இளகிவிடக்கூடும். காற்றில் ஈரம் மிகும்போது மேற்பலகை புடைத்து, தந்திகள் விரற்பலகையிலிருந்து மேலெழுந்து நிற்கும். பிப்ரவரியில் எளிதாக அழுத்திய இடத்தை ஜூலையில் அழுத்தக் கூடுதல் வலிமை தேவைப்படுவதற்கு உங்கள் கை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். குதிரையின் கால்களில் திருகுச் சக்கரம் இருந்தால் அதைச் சிறிது இறக்கலாம், இல்லையென்றால் கருவி செப்பனிடுபவரிடம் காட்டுங்கள். எப்படியும் ஜூன் முதல் வாரத்தில் ஒருமுறை அவரிடம் காட்டிவிடுவது நல்லது. வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின் மென்மையானதாக இருந்து, அதை வெயிலில் வைத்தால் அது உருகி வழிந்துவிடும் என்பதால், அதை எப்போதும் நிமிர்த்தி, நிழலில் வையுங்கள்.

அடுத்தது உருப்படித் தேர்வு. இதில்தான் அதிகத் தவறுகள் நடப்பதாக நான் கருதுகிறேன். செர்கே கூசெவிட்ஸ்கியின் கன்செர்ட்டோவை (தனிக்கருவி ஆர்க்கெஸ்ட்ராவுடன் வாசிக்கும் உருப்படி) ஒரு நண்பர் வாசிக்கிறார் என்பதற்காகத் தாமும் அதையே எடுத்துக்கொண்டு, உயர் சுரங்களுக்காகக் கட்டைவிரலையும் தந்தியில் வைக்கும் கட்டைவிரல் பொசிஷனில் சுருதி தள்ளாட, தேர்வாளர் முன் போராடும் மாணவர்கள் பலர். தேர்வாளர்கள் அளப்பது உருப்படியின் கடினத்தை அல்ல. இந்த மாணவருக்கு நான்கு ஆண்டுகள் கற்பித்தால் எங்கே போய்ச் சேருவார் என்பதையே அவர்கள் காது தேடுகிறது. கபூட்ஸியின் கன்செர்ட்டோவையோ எக்ளஸின் ஜி மைனர் சொனாட்டாவையோ தெளிந்த சுருதியிலும் நிறைந்த நாதத்திலும் வாசிப்பவருக்கு மதிப்பு நிச்சயம் உண்டு. அதற்கு மேல் செல்லக்கூடியவர்கள் டிட்டர்ஸ்டார்ஃபின் கன்செர்ட்டோவையோ, டிராகொனெட்டியின் பெயரில் வழங்கினாலும் உண்மையில் எடுவார் நானி எழுதியதாகக் கருதப்படும் ஏ மேஜர் கன்செர்ட்டோவையோ எடுத்துக்கொள்ளலாம். இவற்றில் ஒன்றின் முதற்பகுதி, பாஹின் செல்லோ சூட்களிலிருந்து மெதுவான ஒன்றும் விரைவான ஒன்றுமாக இரண்டு பகுதிகள், மூன்று அல்லது நான்கு ஆர்க்கெஸ்ட்ரா எக்ஸர்ப்ட்கள் (ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகளிலிருந்து தேர்வுக்கென எடுக்கும் சிறு பகுதிகள்) என்ற அளவு ஒரு கோடைக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனிப் பட்டியல் வைத்திருப்பதால், நீங்கள் விண்ணப்பிக்கவிருக்கும் எல்லாக் கல்லூரிகளின் பட்டியல்களையும் ஒரே தாளில் எழுதி, அவற்றுக்குப் பொதுவாக உள்ளவற்றை முதலில் தேர்ந்தெடுங்கள்.

பேஸ் மேதை ஜொவான்னி பொட்டெசினியின் கதையை இங்கே சொல்வது பொருந்தும். 1835-இல் மிலான் இசைப்பள்ளியில் உதவித்தொகையுடன் எஞ்சியிருந்தவை பஸூனுக்கும் டபுள் பேஸுக்கும் உரிய இடங்கள் மட்டுமே என்றறிந்த அந்தச் சிறுவர், சில வாரங்களிலேயே பேஸ் கற்று, தேர்வில் வென்று இடம் பெற்றார். இதைக் கேட்டுச் சில வாரப் பயிற்சி போதும் என்று எண்ணிவிடலாகாது; அவர் அதற்கு முன்பே வயலின் பயின்றவர், காதும் இசையறிவும் தேறியவர். விரைவாகக் கற்க முடிந்தது அந்த அடித்தளத்தால்தான்.

உருப்படியோடு சுருதி அமைப்பையும் ஜூனிலேயே முடிவு செய்ய வேண்டும். பேஸின் வழக்கமான தந்திகள் கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி. தனி வாசிப்புக்குரிய சோலோ டியூனிங்கில் ஒவ்வொன்றும் ஒரு முழுச்சுரம் உயர்ந்து எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ ஆகும். அதற்கு வேறு தந்திகள் வேண்டும், பியானோ துணைக்கும் வேறு சுருதியில் அச்சிட்ட தாள் வேண்டும். வழக்கமான சுருதியிலேயே கன்செர்ட்டோ வாசிப்பதை ஏற்கும் கல்லூரிகள் பல உண்டு. ஒரே கருவி வைத்திருக்கும் மாணவர் அதையே தெரிவு செய்வது பணத்திற்கும் மனத்திற்கும் நல்லது. தந்தியை மாற்றிக்கொண்டே இருந்தால் எக்ஸர்ப்ட் சாதகமும் கெடும்.

இனி அன்றாடச் சாதகம். காலை வேளையில், வெயில் ஏறுவதற்கு முன், முதல் அரைமணி நேரத்தை வெற்றுத் தந்திகளில் வில்லுக்கே கொடுங்கள். பிரெஞ்சு வில் பிடிப்பவரானாலும் ஜெர்மன் வில் பிடிப்பவரானாலும், தந்தியைக் கையால் அழுத்தாமல் தோளின் எடையைத் தந்தியின் மேல் இறக்கி, எட்டு எண்ணிக்கைக்கு ஒரு வில் என இழுத்து, வில்லின் நுனிவரை நாதம் மெலியாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். குதிரைக்கு அருகில் ஒரு நிலை, விரற்பலகைக்கு அருகில் ஒரு நிலை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை என்று மூன்று இடங்களிலும் செய்யும்போது, எந்த இடத்தில் எந்த வேகம் வேண்டும் என்பதைக் கை தானாகக் கற்றுக்கொள்ளும். ஆடிஷனுக்கு முந்தைய கோடையில் வில் பிடிப்பை அடியோடு மாற்றுவது எனக்கு உடன்பாடானதன்று. வலி தரும் பிடிப்பாக இருந்தால் மட்டும், ஜூனிலேயே, ஆசிரியரின் நேரடிப் பார்வையில் மாற்றலாம்.

பிறகு ஸ்கேல் எனும் சுர வரிசை. இதை இழுத்து நிறுத்திய ஒரு சுரத்தின் துணையோடு வாசிக்க வேண்டும். தம்புரா இல்லாமல் பாடத் தொடங்காத இசை மரபில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. பேஸின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அந்த ஆழத்தில் சுருதி விலகலைக் காது உடனே பிடிப்பது கடினம். எனவே துணைச் சுருதியை ஒன்றிரண்டு ஸ்தாயி மேலே வைத்துக்கொள்ளுங்கள். ஜி தந்தியில் டி சுரத்தை அழுத்தும்போது, தொடாமலிருக்கும் டி தந்தி தானே அதிர்வதைக் காணலாம். அது அதிரும் இடம்தான் சரியான இடம் என்பதால், அத்தகைய சுரங்களை வழியிலுள்ள மைல்கற்களாக வைத்து மற்ற சுரங்களை அளந்துகொள்ளுங்கள்.

இடது கைக்கு இருக்கும் சிக்கல் தூரம். சுமார் 105 செ.மீ. நீளமுள்ள தந்தியில், விரற்பலகையின் தலைப்புறக் கைநிலையான அரை பொசிஷனில் முதல் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையில் வரும் ஒரு முழுச்சுரம் கிட்டத்தட்ட 11 செ.மீ. அகலம் எடுக்கிறது, வயலினில் அதே இடைவெளி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதனால்தான் ஃபிரான்ஸ் சிமாண்டல் வகுத்த முறையில் கீழ்ப் பொசிஷன்களில் மூன்றாம் விரலைத் தனியே பயன்படுத்தாமல் 1-2-4 என்று கையமைப்பார்கள், ஓயாமல் பொசிஷன் மாற்றவும் வேண்டியிருக்கிறது. ஃபிரான்சுவா ரபாத்தின் முறையில் விரற்பலகை முழுவதையும் ஆறே பொசிஷன்களாகப் பிரித்துப் பார்ப்பார்கள். எந்த முறையில் வளர்ந்தீர்களோ அதில் இந்தக் கோடையில் உறுதியாக நில்லுங்கள். பொசிஷன் மாற்றத்தைத் தனியே எடுத்து, புறப்படும் சுரத்தை நிறுத்தி, சேரவேண்டிய சுரத்தை மனத்திற்குள் பாடி, அதன் பிறகே கையை நகர்த்துங்கள். பாடாமல் நகரும் கை குருட்டுக் கையாகவே இருக்கும். ஒரு கடினமான இடத்தை முதலில் விளம்ப காலத்தில், பிறகு அதன் இருமடங்கில், கடைசியில் உரிய வேகத்தில் என வாசித்து, மூன்றும் தவறின்றி வந்தால் மட்டுமே அடுத்த இடத்திற்குச் செல்லுங்கள்.

எக்ஸர்ப்ட்களில் பெரும்பாலும் தவறாமல் வருவது பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதி. செல்லோக்களும் பேஸ்களும் மிக மெல்லத் தொடங்கும் அந்தப் பகுதி, நடுவில் வரும் சி மேஜர் ட்ரியோவில் திடீரென முழு வலிமையுடன் பாய்கிறது. ட்ரியோவின் இரண்டாம் பாதியில் பெத்தோவன் சொற்றொடரைத் தொடங்கி, நிறுத்தி, மீண்டும் தொடங்கச் செய்கிறார். அந்த மௌனங்களை அவசரமாகக் கடந்துவிடும் மாணவரிடம் தாளம் இல்லை என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை ஒவ்வோர் அளவின் (தாளக்கட்டின்) முதல் தட்டுக்கு மட்டும் ஒலிக்கவிட்டு வாசித்தால் இது திருந்தும். ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் வரும் பேஸ் உரையாடலுக்கு மேலே, பேசுவதுபோல் வாசித்தாலும் தாளத்திலேயே வாசிக்க வேண்டும் என்று பெத்தோவன் பிரெஞ்சு மொழியில் எழுதியிருக்கிறார். தாளத்தில் என்னும் அந்தக் கடைசிச் சொல்லைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மொட்ஸார்ட்டின் 35-ஆம், 40-ஆம் சிம்பொனிகள் தெளிவுக்கும் இலேசான வில்லுக்கும் உரியவை. எதை வாசித்தாலும் முழு ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு பல பதிவுகளைக் கேளுங்கள். தனியறையில் வாசித்தாலும், உடன் யார் வாசிக்கிறார்கள் என்பது உங்கள் காதில் இருக்க வேண்டும்.

கோடை முகாம் செல்ல முடிந்தால் நல்லது. மிச்சிகனில் 1928 முதல் நடைபெறும் இன்டர்லோகன், மாசசூசெட்ஸில் 1966-இல் தொடங்கிய பாஸ்டன் பல்கலைக்கழக டாங்கிள்வுட் பயிற்சி நிலையம், 16 முதல் 19 வயதினருக்காகக் கார்னகி ஹால் கட்டணமின்றி நடத்தும் தேசிய இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா ஆகியவை நன்கு அறியப்பட்டவை. இவற்றுக்கு முந்தைய குளிர்காலத்திற்குள்ளாகவே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பேஸ் கலைஞர்களின் சர்வதேசச் சங்கம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜூன் மாதம் கூட்டும் மாநாட்டில் பல ஆசிரியர்களை ஒரே இடத்தில் கேட்கலாம். முகாம் வாய்க்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நீங்கள் சேர விரும்பும் கல்லூரியின் பேஸ் ஆசிரியருக்கு மரியாதையாக மின்னஞ்சல் எழுதி, ஒரு மணி நேரப் பாடம் எடுக்க முடியுமா, கட்டணம் என்ன என்று கேளுங்கள். நான்கு ஆண்டுகள் யாரிடம் பயிலப் போகிறோம் என்பதை அறிய அந்த ஒரு பாடம் கல்லூரிக் கையேடுகளைவிட அதிகம் உதவும்.

உடலைப் பற்றி இரண்டு சொல்: ஐம்பது நிமிடத்திற்கு ஒருமுறை கருவியைக் கிடத்திவிட்டுப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள், விரல் நுனி எரிவதும் கொப்புளிப்பதும் இயல்பு, ஆனால் மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வாசிப்பைப் பதிவு செய்து தொடங்குங்கள், அது எவ்வளவு குறையுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. கைப்பேசியை மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். கேட்கும்போது அதன் சிறு ஒலிபெருக்கியில் கேட்காமல் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஏனெனில் பேஸின் அடிச்சுரங்கள் அந்த ஒலிபெருக்கியில் வெளிவருவதே இல்லை. முன்தேர்வுப் பதிவுகளில் ஒரு பகுதிக்குள் வெட்டி ஒட்டக் கூடாது என்பது பொதுவான விதி என்பதால், வாரந்தோறும் ஒவ்வோர் உருப்படியையும் நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பதிவு செய்து பழகுங்கள். ஆகஸ்ட் நடுவில், சட்டையை மாற்றி உடுத்தி, வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து உட்கார வைத்து, அறைக்கு வெளியிலிருந்து கருவியோடு உள்ளே வந்து, சுருதி சேர்த்து, அவர்கள் சீட்டெடுத்துச் சொல்லும் வரிசையில் வாசியுங்கள். அன்றைய பதிவையும் ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டு, இன்னும் மாறாத இடங்களை அளவு எண்ணோடு ஒரு தாளில் எழுதி, செப்டம்பர் முதல் பாடத்திற்கு ஆசிரியரிடம் எடுத்துச் செல்லுங்கள்.