சைடுனு முடியற இங்கிலீஷ் வார்த்தைங்க: உரக்கடை லேபிள்ல இருந்து ஆரம்பிக்கலாம்

பாலக்கோடு தக்காளி, காவேரிப்பட்டணம் மாந்தோப்பு, ஓசூர் ரோஜா, எதை வச்சிருந்தாலும் நம்ம பக்கம் மருந்து அடிக்காம யாரும் இல்ல. அந்த மருந்து பாட்டில் லேபிள்ல இருக்கற இங்கிலீஷ் வார்த்தைங்கள பிரிச்சுப் படிக்கத் தெரிஞ்சா லாட்டின்ல இருந்து வந்த ஒரு வார்த்தைக் குடும்பமே பிடிபட்டுடும். பிளஸ் டூ பசங்க, போட்டித் தேர்வுக்குப் படிக்கறவங்க எல்லாம் அர்த்தத்த லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்றத விட இது ஆயிரம் மடங்கு மேல்னு நான் நம்பறேன்.

ஸ்டெப் 1: போட்டோ எடுங்க

பாட்டில கையில எடுத்து வச்சு படிக்க வேணாம், அது விஷம். உரக்கடை ரேக்க போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து பெரிசு பண்ணிப் பாருங்க. இன்செக்டிசைடு, ஃபங்கிசைடு, ஹெர்பிசைடுனு இருக்கும். மூணுமே சி, ஐ, டி, ஈ-னு நாலு எழுத்துல முடியுதானு பாத்துக்கோங்க. இன்சைடு, அவுட்சைடு எல்லாம் எஸ் போட்டு எழுதறது, அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

ஸ்டெப் 2: வாலப் பிடிங்க

லாட்டின்ல கைடெரேனு ஒரு வினைச்சொல், வெட்டு, அடி, கொல்லுனு அர்த்தம். அதுல இருந்து கொல்றவனுக்கு சீடா, கொலைக்கு சீடியம்னு வந்து, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள நுழைஞ்சு ரெண்டுமே சைடுனு ஆயிடுச்சு. நமக்கு இது ரொம்ப ஈஸி, ஏன்னா தமிழ்லயும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லினு அதே மாதிரி வால்ல தானே கொல்லிய ஒட்டறோம்.

ஸ்டெப் 3: தலையப் பாருங்க

இங்க தான் கொஞ்சம் நின்னு நிதானமா பாக்கணும். ஹெர்பானா புல்லு, செடி, அப்போ ஹெர்பிசைடு களைக்கொல்லி. ஃபங்கஸ்னா லாட்டின்ல காளான். மாம்பூவுல சாம்பல் பூத்த மாதிரி வருமே அந்த சாம்பல் நோய், அது பூஞ்சை, அதுக்கு அடிக்கற நனையும் கந்தகம் ஒரு ஃபங்கிசைடு. பெஸ்டிஸ்னா கொள்ளைநோய், அதுல இருந்து பெஸ்டிசைடு, இது எல்லாத்துக்கும் சேர்த்த பொதுப்பேரு. இன்செக்ட் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: இன்செக்டம்னா வெட்டுப்பட்டது, பூச்சி உடம்பு தலை, நெஞ்சு, வயிறுனு வெட்டி வெட்டி வச்ச மாதிரி இருக்கறதால அந்தப் பேரு, ஆக இன்செக்டிசைடுங்கற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு வெட்டு இருக்கு.

நம்ம ஊர்ல எல்லாத்தையும் மருந்துனே சொல்லிடறோம், ஆனா களைக்கொல்லி அடிச்ச டேங்க்க சரியா கழுவாம அதுலயே தக்காளிக்கு பூச்சி மருந்து கலக்கினா செடி கருகிடும், அதனால தலைய படிக்கத் தெரியறது பரீட்சைக்கு மட்டும் இல்லீங்க. அப்படியே லேபிள்ல டைமண்ட் வடிவத்துல கீழ்ப்பாதி என்ன கலர்னும் பாருங்க. விஷம் அதிகத்துல இருந்து குறைவு வரைக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைனு வரிசை. பச்சையும் விஷம் தான்.

ஸ்டெப் 4: மனுஷங்க பக்கம் வாங்க

ஹோமோனா மனுஷன், ஹோமிசைடு கொலை. பேட்டர் அப்பா, பேட்ரிசைடு. மேட்டர் அம்மா, மேட்ரிசைடு. ரெக்ஸ்னா ராஜா, ரெஜிசைடு. ஜெனோசைடு மட்டும் கலப்பு, ஜெனோஸ் கிரேக்கம், இனம்னு அர்த்தம். ரஃபேல் லெம்கின்ங்கற போலந்து யூத சட்ட அறிஞர் 1944-ல உருவாக்கின வார்த்தை அது, 1948-லயே ஐ.நா. இனப்படுகொலைக்கு எதிரா ஒப்பந்தம் போட்டுச்சு.

இன்ஃபன்டிசைடுனு ஒண்ணு இருக்கு, சிசுக்கொலை. இன்ஃபன்ஸ்னா லாட்டின்ல பேச முடியாதவர். பேசக்கூடத் தெரியாத உயிரக் கொல்றதுனு பிரிச்சுப் பாக்கறப்போ நெஞ்சு அடைக்குது, ஏன்னா இது நம்ம மாவட்டத்துக்குத் தெரியாத விஷயம் இல்ல. பெண் சிசுக்கொலையத் தடுக்கத்தான் 1992-ல சேலத்துல தொட்டில் குழந்தை திட்டம் ஆரம்பிச்சு பின்னாடி தர்மபுரிக்கும் வந்துச்சு. இந்த வார்த்தைய பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறப்போ இதையும் சேர்த்து சொல்லுங்க.

ஸ்டெப் 5: கொலை இல்லாத வெட்டு

டிசைடும் இதே குடும்பம் தான். டி-னா தனியா, விலக்கி, கைடெரே வெட்டு, ரெண்டும் சேர்ந்து வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா முடிவு பண்றது. இன்சைசர்னா முன்னாடி இருக்கற வெட்டுப்பல், இன்சிஷன்னா டாக்டர் போடற கீறல், கன்சைஸ்னா தேவையில்லாதத வெட்டி சுருக்கமா சொல்றது.

ஸ்டெப் 6: ஏமாத்தற வார்த்தை

கோஇன்சைடும் அதே நாலு எழுத்துல தான் முடியும், ஆனா அது வேற குடும்பம். கடெரேனு லாட்டின்ல இன்னொரு வினைச்சொல் இருக்கு, விழறதுனு அர்த்தம், முன்னாடி ஏதாவது ஒட்டுச்சுனா அதுவும் சிட்னு மாறிடும், அதனால தான் ரெண்டும் ஒண்ணு போல தெரியுது. பரீட்சையும் ஊர்த் திருவிழாவும் ஒரே தேதியில வந்து விழுந்தா அது கோஇன்சைடு. ஆக்சிடென்ட், இன்சிடென்ட் கூட இந்த விழற குடும்பம் தான். சந்தேகம் வந்தா, வெட்டு பொருந்துதா விழறது பொருந்துதானு போட்டுப் பாருங்க.

இப்போ நீங்களே பிரிங்க: ரோடென்டிசைடு, ஓவிசைடு, லார்விசைடு. குறிப்பு தரேன், ரோடெரேனா கொறிக்கறது, ஓவம்னா முட்டை, லார்வா லாட்டின்ல பேய், முகமூடி, அப்புறம் தான் புழுவுக்கு அந்தப் பேர வச்சாங்க. மூணாவது எதுனு தெரியலனா, டெங்கு சீசன்ல தண்ணித் தொட்டியில கொசுப்புழுவுக்கு ஊத்தறாங்களே, அது தான்.