பழைய கடைவீட்டின் உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது எப்படி?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய கடைவீடுகள் (கீழே கடை, மேலே வீடு) இன்னும் நிற்கின்றன. செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புக் காரை. எங்கள் குடும்பக் கடைவீடும் அந்த ரகம். அடிச்சுவரில் எமல்ஷன் சாயம் கொப்புளமாகக் கிளம்பி, பின்னால் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. எத்தனை முறை புதுச் சாயம் அடித்தாலும் அதே கதை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை எமல்ஷன் அடைத்து வைக்கிறது, சுண்ணாம்பு வெளியே விடுகிறது. அதனால் சுண்ணாம்புக்கே திரும்பினோம்.

முதலில்

உங்கள் கட்டடம் 2005 தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் கீழ் பதிவானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது. அப்புறம் கூரைப் பீலி (மழைநீர் வடியும் தகரம்), பின்பக்க லொங்காங் (சாக்கடை) இரண்டையும் சரிசெய்யுங்கள். தண்ணீர் வரும் வழி திறந்திருக்கையில் எதை அடித்தும் பயனில்லை.

சுரண்டுதல்

பழைய எமல்ஷனைச் சுரண்டியால் மெதுவாக எடுங்கள். மின்சார மெஷின் வேண்டவே வேண்டாம், காரையையே தின்றுவிடும். ஜன்னல் கதவுகளில் உள்ள பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

சுவரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சுவர் தயார். முத்து முத்தாக நின்றால் எமல்ஷன் இன்னும் மிச்சம் இருக்கிறது.

கலவை

ஹார்ட்வேர் கடையில் நீற்றிய சுண்ணாம்புத் தூள் மூட்டையாகக் கிடைக்கும். பழைய மூட்டை வாங்காதீர்கள், காற்றுப் பட்டு வீரியம் போயிருக்கும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் அடியில் தங்கிய களிம்பு 1 பங்குக்குத் தண்ணீர் 2 அல்லது 3 பங்கு சேர்த்துத் துணியில் வடிகட்டினால் தண்ணிப்பால் பதத்துக்கு வரும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி வீட்டில் நீற்ற வேண்டாம், கொதித்துத் தெறிக்கும்.

பசை சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. நான் சேர்ப்பதில்லை. சுவரைத் திறந்துவிட்டு மறுபடி அடைப்பானேன்?

அடிப்பது

ரோலர் வேண்டாம். அகலமான நார் மட்டைதான் (நாரால் ஆன பிரஷ்) காரையின் பள்ளங்களுக்குள் இறங்கும். அடிக்கும் முன் சுவரை நனையுங்கள். ஈரம் இருக்க வேண்டும், வழியக்கூடாது.

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணுக்கே தெரியாது. மட்டை போன இடத்தில் வெறும் தண்ணீர் பூசியதுபோல் காரை அப்படியே தெரியும். உடனே கலவையைக் கெட்டியாக்கத் தோன்றும். ஆக்காதீர்கள். கெட்டியாக அடித்தது வெடிக்கும், கை வைத்தால் மாவாக ஒட்டும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாக இறுகுகிறது, அதற்கு லேசான ஈரமும் வேண்டும். ஆகவே மின்விசிறியைச் சுவர் பக்கம் திருப்பி வைக்காதீர்கள். வெயில் அடிக்கும் சுவரைச் சாயங்காலம் அடியுங்கள். ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு, ஒவ்வொரு முறையும் நனைத்துவிட்டுத்தான். வெறும் காரைக்கு 4 அல்லது 5 பூச்சு பிடிக்கும். வாளியை அடிக்கடி கலக்குங்கள், சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும்.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஓர் அக்கா நிறம் பற்றிக் கேட்டிருந்தார். சிமெண்டில் கலக்கும் இரும்பு ஆக்சைடு பொடி சுண்ணாம்பில் நிற்கும். சுண்ணாம்பின் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள பழைய நீல மாளிகையின் சுவரும் அவுரி நீலம் கலந்த சுண்ணாம்புதான். காய்ந்தபின் நிறம் நன்றாக வெளுக்கும், ஆகவே சிறு மூலையில் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள்.

தம்பி ஒருவர் சுவரில் மறுபடி உப்பு பூப்பதாக எழுதியிருந்தார். முதல் சில மாதங்கள் வரத்தான் செய்யும். ஈரத்துணி வேண்டாம், உப்பு கரைந்து உள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி அள்ளிவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பூச்சு கொடுங்கள்.